சுகாசினி முழுமையாக இல்லை

கலைவாணி செருப்போடு கூடத்துக்குள் வந்துவிட்டாள். உம்முசல்மாவின் வீட்டுக்கு இருபது வருடமாக வந்து போகிறவள், ஒருநாளும் அப்படி வந்ததில்லை. "பாயம்மா, லுப்னா இருக்குதா?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். லுப்னாவோ அவள் கண்ணெதிரே, ஜன்னலோர மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கதான் இருக்கேன் ஆன்ட்டி. என்ன ஆச்சு?"

கலைவாணி போனை நீட்டினாள். தறியிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. முந்தானையில் அரக்கு நிறப் பட்டுப் பிசிறுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 

"சுகாசினி தங்கியிருக்குற வீட்டுக்காரம்மா அனுப்பியிருக்குது. இங்கிலீஷ்கூட இல்லமா. அவரு போன்ல போட்டுத் தமிழ்ல மாத்திப் பாத்தாரு. அதப் படிச்சதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

திரையில் லாட்விய மொழியில் இரண்டே வாக்கியம். அதற்குக் கீழே, கலைவாணியின் கணவர் தினகரன் மொழிபெயர்த்து எடுத்த தமிழ்: 'சுகாசினி முழுமையாக இல்லை. தயவுசெய்து அழைக்கவும்.'

"முழுமையா இல்லன்னா என்னமா அர்த்தம்? கை காலு ஏதாச்சும்... ட்ராம் ஓடுற ஊருன்னு சொல்லிச்சே. ரோடெல்லாம் ஐஸ்னு சொல்லிச்சே."

லுப்னா மூல வாக்கியத்தைப் படித்தாள். சுகாசினி நௌ வெஸெலா. அந்த மொழியைக் காதால் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தக் கடைசிச் சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. உடம்பு சரியில்லன்னு அர்த்தம், அவ்வளவுதான். வெஸெலான்னா முழுசுன்னும் சொல்லலாம், ஆரோக்கியம்னும் சொல்லலாம். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. மெஷினுக்கு எது எதுன்னு தெரியல."

"அம்மாடி" என்று கலைவாணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை நிமிடம்கூட உட்கார்ந்திருக்க மாட்டாள், மறுபடி எழுந்துவிட்டாள்.

"சரி, உடம்புக்கு என்னா? மூணு நாளா போன் எடுக்கல. அதுக்கு முன்னாடி ஒரு வாரமா, எக்ஸாம்மா, அப்புறம் பேசறேன்னு மெசேஜ் மட்டும்தான். ஜுரமா? உனக்கு வந்தாப்பல நிமோனியாவா? நீதான் அந்த ஊர்ல இருந்த, அந்த வீட்லயே இருந்த. சொல்லுமா."

லுப்னா லேப்டாப்பை மூடினாள். சமையலறையில் உம்முசல்மா வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

லுப்னா லாட்வியாவின் தலைநகரான ரீகாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவள். ஒன்றரை வருடத்தில், போன வருடம் ஜனவரியில், படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, நிமோனியா வந்துவிட்டது என்று தெருவுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அவளுடைய அத்தா ஜியாவுதீன் ஜரிகை வியாபாரி. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரும் அதையே சொன்னார், அதையே நம்பவும் செய்தார். இப்போது லுப்னா வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் பார்க்கிறாள். யாரோ எங்கேயோ படுகிற நோய்க்கெல்லாம் எண் போடுகிற வேலை.

அவள் திரும்பி வந்த அதே வருடம் செப்டம்பரில் சுகாசினி கிளம்பினாள். அதே பல்கலைக்கழகம், அதே வீடு, அதே அறை. வீட்டுக்காரி வால்டா அம்மாளின் எண்ணைக் கொடுத்ததே லுப்னாதான். கிளம்புவதற்கு முந்தின வாரம் சுகாசினி வந்து இதே மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஊரு எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். "சூப்பரா இருக்கும். குளிருதான். நல்ல ஜாக்கெட்டா வாங்கிக்கோ" என்றாள் லுப்னா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லுப்னா தன் போனிலிருந்து சுகாசினியின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வால்டா அம்மாளுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"அங்க இப்ப காலைல ஏழரை மணி ஆன்ட்டி. நாயைக் கூட்டிக்கிட்டு நடக்கப் போயிருப்பாங்க. போனை வீட்லயே வெச்சுட்டுப் போறது அவங்க பழக்கம். வந்ததும் கூப்பிடுவாங்க."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா!" கலைவாணி கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தாள். பிறகுதான் காலில் செருப்பு இருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாயம்மா, மன்னிச்சுக்கோ. லுப்னா, வெளிய வாமா. ஒரே எடத்துல இருந்தா உயிரு போயிடும் போல இருக்குது. நடந்துக்கினே இருக்கலாம்."

லுப்னாவுக்கும் உட்கார முடியவில்லை. துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பதினோரு மணி வெயில் மாசியிலேயே சுள்ளென்று அடித்தது. சந்து முனையில் ஆந்திராவிலிருந்து வந்த யாத்திரை பஸ் ஒன்று திரும்ப வழியில்லாமல் நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. கலைவாணி அதன் முகப்புக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து போனாள். யாரோ "ஏம்மா!" என்று கத்தினார்கள். அவள் காதில் விழவில்லை. தினகரன் இரண்டு தடவை அழைத்தார். சேலையில் கரை சேர்க்கிற இடத்தில் தறி நிற்கிறது, நாடாவை மறுபக்கம் வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டும். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. "தெரிஞ்சுதா? ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றுதான் கேட்டார்.

சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். லுப்னா கையிலேயே போனை வைத்திருந்தாள். பத்து அடிக்கு ஒருமுறை இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அது என்னா வார்த்தைமா, இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள் கலைவாணி.

"வெஸெல்ஸ். பொம்பளைங்களுக்கு வெஸெலா."

"முழுசுக்கும் ஆரோக்கியத்துக்கும் ஒரே வார்த்தையா? அது எப்படி?"

ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை என்று லுப்னாவுக்கும் பட்டது. சொன்னாள். ரீகாவுக்குப் போன முதல் வாரம், வால்டா அம்மாளின் பீங்கான் கோப்பை ஒன்றைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டாள். உருண்டு மேசைக்கடியில் போனது. வால்டா அம்மாள் முன்னாள் ட்ராம் ஓட்டுநர், ஆறடி உயரம். திட்டப் போகிறாள் என்று லுப்னா நடுங்கிக்கொண்டு நிற்க, அவள் குனிந்து கோப்பையை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெஸெலா!" என்று சொல்லிச் சிரித்தாள். உடையவில்லை என்பதற்கு அந்த வார்த்தை. இரண்டு நாள் கழித்து, ஜலதோஷம் விட்டதா என்று கேட்பதற்கும் அதே வார்த்தை. பஸ்ஸுக்கு ஒரு முழு மணி நேரம் காத்திருந்தேன் என்று அலுத்துக்கொள்வதற்கும் அதுதான். கணக்கில் பின்னமில்லாத முழு எண்ணுக்கும் அதுதான்.

"தும்மினா?"

"தும்மினாலும் அதோட சொந்தக்கார வார்த்தைதான். ஆரோக்கியத்துக்குன்னு சொல்வாங்க. நாம நூறுன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி."

கலைவாணி இரண்டடி நடந்தாள். "உங்க வீட்ல சலாமத்துன்னு சொல்வாங்களே. ஹஜ்ஜுக்குப் போறவங்கள பாய் வழியனுப்பும்போது, சலாமத்தா போய் வாங்கன்னு சொல்லுவாரு. அது மாதிரியா?"

லுப்னா நின்றுவிட்டாள். அவளுக்கு இது தோன்றியதே இல்லை. சலாமத் என்றால் சேதமில்லாமல், முழுசாக, சுகமாக. எந்தச் சொந்தமும் இல்லாத இரண்டு மொழிகள், ஒன்று பாலைவனத்துச் சொல், மற்றது பனியில் கிடக்கிற ஊரின் சொல், ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

"ஆமா ஆன்ட்டி. அதேதான்."

"நிக்காத, நட. அந்த வெஸெலா எங்கேர்ந்து வந்த வார்த்தையாம்?"

மொழி வகுப்பில் இதை ஆசிரியை ஒருநாள் முழுக்கச் சொல்லியிருந்தார். வெளிநாட்டு மாணவர்கள் நோயாளிகளோடு பேசப் பழக வேண்டும் என்று நடத்திய வகுப்பு அது. பக்கத்து நாட்டு ரஷ்யர்களிடமும் இதே வேரிலிருந்து வந்த சொல் இருக்கிறது, ஆனால் அவர்கள் வாயில் அதற்குப் பொருள் வேறு: மகிழ்ச்சியான, கலகலப்பான. பால்டிக் கரையில் பழைய பிரஷ்யர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததாம், பேச ஆளில்லாமல் அவர்களுடைய மொழியே செத்துப்போனது. அவர்களும் மகிழ்ச்சிக்குத்தான் அதை வைத்திருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், நல்லது என்று பொருள்படும் ஓர் ஆதிச் சொல்லில் போய் முடியும் என்று அறிஞர்கள் பலர் நினைக்கிறார்கள். சமஸ்கிருதத்தின் வசு அதே வழியில் வந்ததாம். "உங்கள் நாட்டில் அந்தச் சொல் இருக்குமே?" என்று ஆசிரியை கேட்டார். "எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் பெயர் வசுமதி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை" என்றாள் லுப்னா. வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அவளும் சிரித்தாள். அக்டோபர் மாதம் அது. அதற்கப்புறம் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது.

இந்தக் கடைசியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கலைவாணியிடம் சொன்னாள்.

கலைவாணி குளத்துப் படியருகே நின்றாள். அதுவரைக்கும் நிற்காதவள் நின்றாள்.

"ஒருத்தருக்கு முழுசு, ஒருத்தருக்கு ஆரோக்கியம், ஒருத்தருக்கு சந்தோசம்" என்று விரல் மடக்கினாள். "அப்போ எம் பொண்ணுக்கு இதுல எது இல்ல? உடம்பா, சந்தோசமா?"

 அந்தக் கேள்வியைக் அந்த வரியைப் படித்த நிமிடத்திலிருந்து லுப்னா தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். கலைவாணி பத்தாவதோடு நின்றவள், லாட்வியாவை வரைபடத்தில் காட்டச் சொன்னால் தெரியாது. எப்படி நேரே அங்கே போய் விரலை வைத்தாள்?

"வீட்டுக்குப் போலாம் ஆன்ட்டி. சார்ஜ் நாலு பர்சன்ட்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்து, கூடத்துச் சுவரில் சார்ஜரைச் செருகியதும் போன் அடித்தது. வயர் குட்டை. லுப்னா சுவரோடு ஒட்டிக் குனிந்து நின்றுதான் பேச வேண்டியிருந்தது. கலைவாணி அவள் தோளில் இடித்துக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கரில் வால்டா அம்மாளின் கனத்த குரல் வந்தது, பின்னால் நாய் குரைத்தது.

லுப்னாவின் லாட்விய மொழி துருப்பிடித்திருந்தது. இரண்டு முறை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள். வால்டா அம்மாள் மெதுவாகவே சொன்னாள். ஒன்பது நாளாகச் சுகாசினி வகுப்புக்குப் போகவில்லை. கதவை உள்ளே தாழிட்டிருக்கிறாள். வாசலில் வைக்கிற சூப் அப்படியே இருக்கிறது, தேநீர் மட்டும் குடிக்கிறாள். நல்லாயிருக்கிறாயா என்று கேட்டால் உள்ளேயிருந்து, "யா, வெஸெலா" என்கிறாள். கடைசியாக வால்டா அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, மூன்றே சொல் சொன்னாள்: "தாபத் கா து."

"என்னா சொல்லுது? என்னா சொல்லுது?" கலைவாணி லுப்னாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

லுப்னா ஒவ்வொன்றாகச் சொன்னாள். வகுப்பு, கதவு, சூப். மூன்று சொல்லுக்கு வந்ததும் தடுமாறினாள். அதை விழுங்கிவிடலாம். கலைவாணிக்குத் தெரியப் போவதில்லை. வால்டா அம்மாள் தமிழில் வந்து சொல்லப் போவதில்லை.

"என்ன மாதிரியேன்னு சொல்றாங்க ஆன்ட்டி."

"உன்ன மாதிரின்னா? நிமோனியாவா?"

"எனக்கு நிமோனியா வரல."

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

"எனக்கு எதுவுமே வரல" என்றாள் லுப்னா. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காலைல எழுந்திருக்க முடியல. அங்க ஒன்பது மணிக்குத்தான் விடியும், சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிடும். முதல்ல ஒரு நாள் போகல, அப்புறம் ரெண்டு நாள். அப்புறம் போறதுக்கே வெக்கமாயிடுச்சு. முப்பத்தஞ்சு நாள் அந்தக் கட்டில்ல படுத்திருந்தேன். வால்டா அம்மா தினமும் கதவு கிட்ட வந்து, வெஸெலாவான்னு கேப்பாங்க. யான்னு சொல்லுவேன். கடைசியில அவங்கதான் டிக்கெட் போட வெச்சு அனுப்பினாங்க."

கலைவாணி அவளைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் கோபமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "இது தெரிஞ்சும் அதே ரூமுக்கா எம் பொண்ண அனுப்பின?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லுப்னாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

லுப்னா வால்டா அம்மாளிடம், போனைச் சுகாசினியின் கதவருகே பிடிக்கும்படி கேட்டாள். மரப்படிகள் கிரீச்சிட்டன. கதவைத் தட்டும் சத்தம்.

கலைவாணி முந்திக்கொண்டாள். "சுகா! அம்மாடி! கதவத் தொற. ஏன்டி இப்படிப் பண்ணிக்கினு கெடக்குற? அப்பா அங்க தறிய விட்டுட்டு வாசல்லயே நிக்கறாரு. தொறடி!" அழுகை வந்து மீதியை அடைத்துவிட்டது.

 மரக்கதவுக்கு அப்பாலிருந்து, தூரத்தில், ஒரு குரல்: "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். எக்ஸாம்மா. வெச்சுடு."

"சுகா, நான் லுப்னா" என்றாள் லுப்னா. "நீ நல்லா இல்ல. அந்த ஜன்னல்ல திரை போட்டிருக்கியா? கட்டிலை சுவரோரமா தள்ளிட்டியா? காலேஜ்லேர்ந்து வர்ற மெயிலைத் திறக்கறதில்லதானே? நானும் திறக்கல. எனக்கு நிமோனியான்னு சொன்னது பொய். உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. 

"அம்மா பக்கத்துல இருக்காங்களாக்கா?"

"இருக்காங்க. எங்கம்மாவும் இருக்காங்க. எல்லாரும் கேட்டுட்டாங்க."

"ஏன்க்கா அப்பவே சொல்லல?" குரல் இப்போது கதவுக்கு மிக அருகில் இருந்தது. "நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். நீ நல்லா இருந்த ரூம்ல எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆவுதுன்னு நெனச்சுக்கினே இருந்தேன்."

 "வெக்கமா இருந்துச்சு" என்றாள் லுப்னா. "தப்புதான். கதவைத் திற சுகா. வால்டா அம்மா கூட டாக்டர்கிட்ட போ. நான் போகாம வந்துட்டேன். வந்தும் சரியாகல. நீ போ."

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தன் பக்கம் இழுத்தாள். வயர் இழுபட்டுப் பிளக் கழன்று விழுந்தது. "பரீட்சையும் வேணா, ஒண்ணும் வேணா" என்றாள். "எழுதாட்டி போவுது. ஒரு வருசம் போனாப் போவுது. அந்த அம்மா வெச்ச சூப்ப ரெண்டு வாய் குடி. அத மட்டும் நான் காதால கேட்டுட்டு வெச்சுடறேன்."

தாழ்ப்பாள் விலகியது. வால்டா அம்மாள் தன் மொழியில் ஏதேதோ படபடவென்று சொல்ல ஆரம்பித்தாள், நாயும் சேர்ந்து குரைத்தது. அதோடு போன் அணைந்துவிட்டது. கலைவாணி "ஐயோ, ஐயோ" என்று பிளக்கைத் தேடித் தரையில் தடவினாள். மறுபடி உயிர் வருவதற்கு ஆன இரண்டு நிமிடமும் அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். திரை ஒளிர்ந்தபோது ஒரு படம் வந்திருந்தது. கலைந்த தலையோடு சுகாசினி சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் கரண்டி. ரொம்ப இளைத்திருந்தாள்.

அன்று மதியமே வால்டா அம்மாள் அவளை ட்ராமில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சுகாசினி அந்தப் பருவத்துப் பரீட்சையை எழுதவில்லை. ஊருக்கு வந்துவிடு என்று தினகரன் சொன்னார். கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றாள் அவள். வாரம் ஒருமுறை டாக்டர், காலையில் வால்டா அம்மாளோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடை. சில நாள் போனில் நன்றாகப் பேசினாள், சில நாள் பேசவில்லை. திருப்பதியைத் தாண்டிப் போகாத கலைவாணி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தப் படிவத்தை லுப்னாதான் நிரப்பிக் கொடுத்தாள். அவள் நிரப்பி முடிக்கிறவரை கலைவாணி பக்கத்தில் நின்றாள், முன்போலச் சிரித்துப் பேசவில்லை. ஆனால் வந்தாள்.

போன் பேசிய அன்று, கலைவாணி போனபிறகு, லுப்னா சமையலறை வாசலில் போய் நின்றாள். உம்முசல்மா வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு மணைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா" என்றாள் லுப்னா.

"நிமோனியாவுக்கு குடுத்த மாத்திரைச் சீட்டு எங்கன்னு நான் உன்ன ஒருநாளாவது கேட்டேனா?" என்றாள் உம்முசல்மா.

லுப்னா இல்லையென்று தலையசைத்தாள்.

"கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம். சொல்லிட்டா நான் என்னா பண்றதுன்னு தெரியாது." வெங்காயத் தோலை விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். "ராத்திரில மாடில நீ நடந்துக்கினே இருக்குறது கீழ எனக்குக் கேக்கும். உங்க அத்தா, நீ தண்ணி டேங்க் பாக்குறேன்னு நெனச்சுக்கினு இருக்காரு. இன்னிக்கு அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சந்தில் எதிர் வீட்டு கிருஷ்ணம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "ஆத்தாளும் பொண்ணும் எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

லுப்னாவின் கால்கள் வேகமெடுத்தன. எதையாவது சொல்லி நகர்ந்துவிட அவளுக்கு நாக்கு நுனியில் இரண்டு மூன்று பொய் இருந்தன. உம்முசல்மா நின்றாள்.

"பொண்ணுக்கு மனசு சரியில்ல. டாக்டரு கிட்ட கூட்டினு போறேன்."

கிருஷ்ணம்மாளின் கையில் ஈரப் புடவை அப்படியே தொங்கியது. லுப்னா தரையைப் பார்த்தாள். 

"எந்த டாக்டரு?" என்றாள் கிருஷ்ணம்மாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நல்லா பாக்கறாரான்னு வந்து எனக்கும் சொல்லுமா. எங்க வீட்லயும் ஒருத்தர காட்டணும்."

சந்து முனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. உம்முசல்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி வேகமாக நடந்தாள்.